மண் மூடிய தென்னை

வாய்சாகே என்னைத் தேடிக் கரும்புக் காட்டுக்குள்ளேயே வந்தபோது, விஷயம் நல்லதில்லை என்று தெரிந்துவிட்டது. அவர் நாவதுலோ என்கிற கடலோரக் கிராமத்தின் தலைவர். மரம் வெட்ட வேண்டுமென்றால் பஸ்காரனிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவார். நானும் செயின்சாவைத் தூக்கிக்கொண்டு போவேன். இந்தத் தடவை அவரே வந்து வரப்பில் குந்திக்கொண்டு மழையைப் பற்றிப் பேசினார். மில் எப்போது திறக்கும் என்று கேட்டார். கரும்பைப் பற்றி அவருக்கு என்ன கவலை?

"சுத்தி வளைக்காதீங்க. எந்த மரம்?" என்றேன்.

"மெஷின் வேணாம் சாமி. உன் வாய்தான் வேணும்."

"என் வாய்க்கு வாடகை ஜாஸ்தி."

"விளையாடாத. நேமானி வீட்டு முற்றத்துல இருந்து வண்டு கிளம்புது. அங்க தென்னை ஓலையெல்லாம் கத்திரியால வெட்டின மாதிரி நிக்குது. என் வீட்லயும் ஆரம்பிச்சிடுச்சு. பள்ளிக்கூடத்துப் பக்கம் நாலஞ்சு மரம் மொட்டையாயிடுச்சு. எல்லாம் அந்த முற்றத்து மண்மேட்டுல இருந்துதான் வருதுன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். யார் போய்ச் சொல்றது?"

"நீங்க தலைவர்தானே?"

"நான் அவருக்குத் தம்பி முறை. தம்பி எப்படிச் சொல்வேன், உங்க மகனுக்குக் கட்டின சமாதியைத் தோண்டுங்கன்னு? நீதான் மச்சான். நீ என்ன சொன்னாலும் அவருக்குக் கோபம் வரக் கூடாது. வந்தா அவருக்குத்தான் அசிங்கம்."

அது உண்மைதான். என் அப்பா நேமானியின் அம்மாவை அக்கா என்று கூப்பிட்டவர். புயலில் எங்கள் கூரை பறந்த வருடம் அந்த அம்மாதான் எங்கள் குடும்பத்தையே தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டார். அப்பாவுக்கு அக்கா என்றால் எனக்கு அத்தை. அத்தை மகன் எனக்கு மச்சான். இந்தக் கணக்கைத் தீவுக்காரர்களான அவர்களுக்கு, கரும்பு வெட்ட வந்து குடியேறிய தமிழர்கள் நாங்கள் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எங்களுக்கு அவர்களும் சொல்லித்தரவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு. அங்கே மச்சான்மார் ஒருவரை ஒருவர் எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் பண்ணலாம், மண்டையில்கூடத் தட்டலாம். அண்ணன் தம்பிக்குள் அது நடக்காது. மாமனாருக்கும் மருமகளுக்கும் இடையில் பேச்சே கிடையாது.

இலாய்சாவைக் கடல் கொண்டுபோனது போன மழைக்காலத்தில். நேமானியின் ஒரே மகன். பாறைத்திட்டுப் பக்கம் மீன்பிடிக்கப் போனான். படகு மட்டும் கவிழ்ந்து கிடைத்தது. ஊர்ப் பெண்கள் சாவு வீட்டுக்குக் கொடுக்கிற பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பியபோது நேமானி வாசலில் நின்று திருப்பி அனுப்பிவிட்டார். "உடம்பைப் பாத்தீங்களா? பாக்காம எதுக்குப் பாய்?" என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் வாய்விட்டு அழவில்லை. இலாய்சாவின் மனைவி கெலேரா கறுப்பு உடுத்தவில்லை, தலைமுடி வெட்டவில்லை. சாவு நடக்காத வீட்டில் விதவை எங்கிருந்து வருவாள்?

அதன் பிறகு அவன் மரமும் சாகத் தொடங்கியது. பிள்ளை பிறந்தால் தொப்புள்கொடியைப் புதைத்து அதன்மேல் ஒரு தென்னை வைப்பார்கள். இலாய்சாவின் மரம் சமையல் குடிசைக்குப் பக்கத்தில் நின்றது. குருத்து சாய்ந்த உடனே நேமானி என்னைக் கூப்பிட்டார். அதற்குள் தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்திருந்தார். மட்டை இடுக்கில் உப்பும் மணலும் போட்டிருந்தார், அடியில் நல்ல தண்ணீர் ஊற்றியிருந்தார். நான் ஏறிக் குருத்தைப் பிடித்து லேசாகத்தான் இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. செத்த எலி நாற்றம். கீழே நின்றவரிடம் அதைக் காட்டக்கூட எனக்கு மனம் வரவில்லை.

நான்தான் வெட்டினேன். தொப்புள்கொடி மேல் வைத்த மரத்தை எரிக்கிற வழக்கம் அங்கே இல்லை, அது தானாக மக்க வேண்டும். "அப்படியே கிடக்கட்டும்" என்றார். மறுமுறை நான் போனபோது அந்தத் தண்டின் மேல் மண் மூடியிருந்தது. மண்ணின் மேல் உமியும் சருகும், அதன் மேல் கடற்கரையிலிருந்து பொறுக்கி வந்த கறுப்புக் கூழாங்கல். அவர்கள் சமாதியில் வைக்கிற அதே கல். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சமாதியைப் பற்றி யார் பேசுவார்கள்? ஆனால் வண்டுக்கு இதைவிட வசதியான பிரசவ ஆஸ்பத்திரியை யாராலும் கட்டித்தர முடியாது. மக்கின தென்னந்தண்டு, ஈரம், மேலே போர்வை.

வாய்சாகே வந்துபோன மறுநாள் காலையில் நேமானி வீட்டுக்குப் போனேன். வாய் போதும் என்று தலைவர் சொல்லியிருந்தாலும் செயின்சாவை வண்டியில் போட்டுக்கொண்டுதான் போனேன். காற்றே இல்லை. வானம் கழுவாத சட்டி மாதிரி கருத்துக் கிடந்தது. நேமானி மேட்டின் மேல் குனிந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய உடம்பு, ஆனாலும் முதுகு இன்னும் படகுத் துடுப்பு மாதிரி இருந்தது. கெலேரா குடிசை வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். மரவள்ளி வேகிற வாசனை.

"என்ன மச்சான், உன் மெஷின் மாதிரியே வந்துட்ட? சத்தம் பெருசு, வேலை சின்னது" என்றார் நிமிராமலே.

"நீங்க மட்டும் என்ன? விடிஞ்சதுல இருந்து ஒரு பிடி புல்லைப் பிடுங்கிட்டு இருக்கீங்க. மரவள்ளி தின்னா இப்படித்தான் ஆகும்."

"ரொட்டி தின்னவன் எல்லாம் மலையைப் புரட்டினானா?"

கெலேரா சிரித்தாள். மாமனார் முன்னால் சிரிக்கக்கூடாது என்று தலையைத் திருப்பிக்கொண்டு பூனையிடம் பேசினாள். "பூனை, சாமி மாமா வந்திருக்காரு. மரவள்ளி வெந்துடுச்சு, தாத்தாவும் வந்து உக்காந்தா சாப்பிடலாம்னு சொல்லு."

"பூனைகிட்ட சொல்லு சாமி, நான் அப்புறம் சாப்பிடறேன்னு" என்றார் நேமானி.

அந்த வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கும். பூனை இல்லாவிட்டால் பானை, பானை இல்லாவிட்டால் குழந்தை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கெலேரா மாமனாரிடம் ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. அது மரியாதை. இலாய்சா இருந்தவரை அவன்தான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தூக்கிப்போவான், தூக்கி வருவான்.

கெலேராவின் மகள் லோசனா தன் மரத்தின் கீழே உட்கார்ந்து ஈர்க்குச்சியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் வயதுதான் அந்த மரத்துக்கும். ஏணி வைத்தால் கை எட்டும் உயரம். நான் தூரத்தில் இருந்தே பார்த்துவிட்டேன். விரிந்த ஓலைகள் இரண்டு பக்கமும் முக்கோணமாக வெட்டுப்பட்டிருந்தன. அது வண்டு போட்ட கையெழுத்து. குருத்து சுருண்டிருக்கும்போதே உள்ளே துளைத்திருக்கிறது, விரியும்போதுதான் நமக்குத் தெரிகிறது.

ஏணி போட்டு ஏறினேன். மட்டை இடுக்கில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை, அதன் வாயில் மென்று துப்பின நார். கம்பியை வளைத்து உள்ளே விட்டுத் திருகினேன். கறுப்பு வண்டு ஒன்று மூக்குக் கொம்போடு மாட்டிக்கொண்டு வந்தது. கீழே போட்டேன். பிறகு இன்னொன்று.

கெலேரா துருவுவதை நிறுத்திவிட்டாள்.

"குருத்து?" என்றாள் என்னிடம்.

நான் குருத்தைப் பிடித்தேன். போன தடவை கையோடு வந்தது எனக்கு மறக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தேன். உள்ளே பிடித்துக்கொண்டிருந்தது.

"இருக்கு. இன்னும் உயிர் இருக்கு. ஆனா இன்னும் ரெண்டு மூணு வண்டு உள்ள போச்சுன்னா நடுவுல கொத்திடும். அதுக்கப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

இறங்கி நேராக மேட்டுக்குப் போனேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாய் அன்றைக்கு ரொம்ப வறண்டிருந்தது.

"மச்சான், நீங்க ஊருக்கே வண்டு சப்ளை பண்றீங்கன்னு லம்பாசா டவுன் வரைக்கும் பேச்சு. ஒரு கடை போட்டுடலாமா?"

"அது வாய்சாகே வீட்டு உரக்குழியில இருந்து வருது."

"வாய்சாகே உரக்குழியைக் கிளறி எரிச்சு மாசமாச்சு. ஊர் முழுக்க எரிச்சாச்சு. எரிக்காதது இது ஒண்ணுதான்."

"இது தூங்குது மச்சான். தூங்கறவனை எழுப்பாத."

"தூங்கறவன் குறட்டை விடுவான், வண்டு விட மாட்டான்."

அவர் சிரித்திருக்க வேண்டும். மச்சான் சொன்னால் சிரிக்க வேண்டும், அதுதான் முறை. வாயை மட்டும் சிரிப்பது மாதிரி வைத்துக்கொண்டு இன்னொரு புல்லைப் பிடுங்கினார். கூழாங்கல்லை ஒதுக்கிவிட்டு நான் மண்ணுக்குள் கையை விட்டேன். முழங்கை வரை தடங்கல் இல்லாமல் போயிற்று. உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. விரலில் ஏதோ நெளிந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால் புழு, கட்டைவிரல் தடிமன், வெள்ளை உடம்பு, பழுப்புத் தலை. உள்ளங்கையில் சுருண்டு கிடந்தது.

நேமானி அதை என் கையிலிருந்து எடுத்தார். நசுக்குவார் என்று நினைத்தேன். அவர் அதை மண்ணிலேயே திரும்ப வைத்துக் கல்லால் மூடினார்.

"மண்ணுன்னா புழு இருக்கத்தான் செய்யும்" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. மச்சானாவது மண்ணாவது. "அங்க பாருங்க, உங்க பேத்தி மரத்தை! அது போச்சுன்னா என்ன பண்ணுவீங்க? அது மேலயும் மண்ணை மூடிக் கல்லு வைப்பீங்களா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. மச்சானுக்கும் ஒரு எல்லை உண்டு. நேமானி எழுந்து நின்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தாலாவது எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"வீட்டுக்குப் போ சாமி" என்றார். மச்சான் என்று சொல்லவில்லை.

நான் போயிருப்பேன். வண்டிச் சாவியைத் தேடிச் சட்டைப் பையில் கைவிட்டேன். அப்போதுதான் கெலேரா எழுந்து வந்தாள். கையெல்லாம் தேங்காய்த் துருவல். "லோசனா, வாய்சாகே தாத்தா வீட்டுக்குப் போ. அங்க இரு" என்று குழந்தையை அனுப்பினாள். பூனை காலைச் சுற்றிக்கொண்டு வந்தது. அதை அவள் பார்க்கவே இல்லை. மாமனாருக்கு எதிரில் வந்து நின்றாள்.

"மாமா" என்றாள்.

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நேமானி இரண்டு அடி பின்னால் போனார், யாரோ அவரைத் தள்ளியது போல.

"மாமா, உங்ககிட்டதான் பேசறேன். தப்புதான். பேசித்தான் ஆகணும். இது என்ன, சொல்லுங்க. இந்த மேடு என்ன?"

அவர் என்னைப் பார்த்தார். வழக்கம்போல நான் நடுவில் நின்று தூக்கிக்கொடுப்பேன் என்று எதிர்பார்த்தார். நான் வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மண்ணைப் போட்டது யாரு? கல்லு பொறுக்கினது யாரு? நீங்கதானே? உயிரோட இருக்கறவனுக்கு யாராவது கல்லு வைப்பாங்களா? அப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, அவரு வர மாட்டாருன்னு. தெரிஞ்சிட்டுதான் தினமும் இங்க வந்து உக்காந்து அழறீங்க. புல்லு பிடுங்கற சாக்குல அழறீங்க, நான் குடிசைக்குள்ள இருந்து பாத்துட்டுதான் இருக்கேன். உங்களுக்கு ஒரு சமாதி இருக்கு. எனக்கு? பாயைத் திருப்பி அனுப்பிட்டீங்க. கடைக்குப் போனா, புருஷன் எப்போ வருவான்னு கேக்கறாங்க. நான் பல்லைக் கடிச்சிட்டு வருவாருன்னு சொல்றேன். பூப்போட்ட துணி கட்டிட்டு நிக்கறேன். என்னை மட்டும் ஏன் மாமா காத்திருக்க வெச்சீங்க?"

அடுப்பில் மரவள்ளிப் பானை பொங்கித் தீயில் வழிந்து உஸ்ஸென்றது.

நேமானி பேசியபோது அவளை நேராகப் பார்த்துத்தான் பேசினார். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

"நீ அழுதா, சாவு ஆயிடும். சாவு ஆனா, துக்கம் முடிக்க விருந்து வைக்கணும். விருந்து முடிஞ்சா உன் அண்ணனுங்க தவேயுனித் தீவுல இருந்து படகு கொண்டு வருவாங்க. எங்க பொண்ணைத் திருப்பிக் குடுங்கன்னு கேப்பாங்க. கேக்கறதுதான் முறை. நான் இல்லைன்னு சொல்ல முடியாது." கொஞ்சம் நிறுத்தினார். "நீ லோசனாவையும் தூக்கிட்டுப் போயிடுவ. அப்புறம் இந்த முற்றத்துல யாரும்மா இருக்கா?"

கெலேரா இதை எதிர்பார்க்கவில்லை. நானும்தான். இத்தனை நாளும் ஊரே கிழவனுக்குப் பிள்ளைப் பாசத்தில் புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டது. அவர் புத்தி நன்றாகத்தான் இருந்தது. பேத்தியைப் பிடித்து வைக்க மகனின் சாவை மண்ணுக்குள் மூடி வைத்திருக்கிறார். அந்த மண்ணிலிருந்து கிளம்பினது நேராகப் போய்ப் பேத்தியின் மரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

"போவேன்" என்றாள் கெலேரா. பொய் சொல்லவில்லை. "எங்க அம்மாவைப் பாக்கணும் மாமா. அவ மடியில படுக்கணும். எவ்வளவு நாள்னு எனக்குத் தெரியாது. ஆனா லோசனா கொடி எங்க இருக்கு? இங்கதானே புதைச்சீங்க, உங்க கையால? கொடி இருக்கற இடம்தானே அவ ஊரு? அவளை எங்க தூக்கிட்டுப் போனாலும், உன் மரம் நாவதுலோவுல நிக்குதுன்னுதான் சொல்லி வளப்பேன். அது நின்னாத்தானே சொல்ல முடியும்? செத்துப்போச்சுன்னா அவ எதைத் தேடி இங்க வருவா?"

நேமானி திரும்பிக் குழந்தையின் மரத்தைப் பார்த்தார். வெட்டுப்பட்ட ஓலையை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறவர் போலப் பார்த்தார். பிறகு குடிசைக்குப் பின்னால் போனார். வரும்போது கையில் மண்வெட்டி இருந்தது.

கூழாங்கற்களை அவரே ஒவ்வொன்றாக எடுத்துக் கெலேராவின் காலடியில் குவித்தார். நான் குனிந்தபோது கையை ஆட்டி வேண்டாம் என்றார். மண்ணை மட்டும் வெட்டச் சொன்னார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதைதான். ஒவ்வொரு வெட்டுக்கும் கை நிறையப் புழு. செயின்சாவைத் தண்டில் வைத்தால் மரத்தூள் பறக்கவில்லை. ஈரக் கூழ் தெறித்தது. உள்ளே தேன்கூடு மாதிரி துளைத்திருந்தார்கள், அந்தப் பாவிகள். கோழிகள் ஓடி வந்தன. நேமானி மண்வெட்டிக் காம்பால் விரட்டினார்.

"கோழிக்கு வேணாம். அவன் மரத்துல வளந்தது. எல்லாம் ஒண்ணாவே போகட்டும்" என்றார்.

செயின்சா சத்தம் கேட்டு ஊர் வேலியோரம் வந்து நின்றது. யாரும் உள்ளே வரவில்லை. வாய்சாகே மட்டும் ஒரு சாக்கு நிறையக் காய்ந்த தேங்காய் மட்டையைக் கொண்டு வந்து வேலிக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனார். அதைப் பார்த்து மற்றவர்களும் கொண்டு வந்தார்கள். ஈரத் தண்டு எரிய மட்டை நிறைய வேண்டும், அது எல்லாருக்கும் தெரியும்.

துண்டங்களை அடுக்கி, கூழையும் புழுவையும் மண்வெட்டியால் வாரி நடுவில் போட்டேன். வண்டியில் இருந்த மண்ணெண்ணெயை ஊற்றினேன். தீக்குச்சியை நான் கிழிக்கவா என்று கேட்டேன். நேமானி தீப்பெட்டியை வாங்கிக்கொண்டார். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது பிடித்தது.

முதலில் வெறும் புகை. கண் திறக்க முடியாத வெள்ளைப் புகை. பிறகு நடுவில் சிவந்தது. பட் பட்டென்று வெடித்தது. கெலேரா கூழாங்கற்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கைத் துருவல் காய்ந்துபோயிருந்தது. இத்தனை மாதம் அடக்கிப் பழகினவளுக்கு எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.

நேமானி நெருப்பைச் சுற்றிக்கொண்டு அவளிடம் வந்தார். பூனையைத் தேடவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"கெலேரா" என்றார். அவர் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "இலாய்சா செத்துட்டான். அழும்மா."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு அப்படியே மண்ணில் உட்கார்ந்து, அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அந்தக் கத்தல் வேலியைத் தாண்டிப் போனது. அடுத்த வீட்டுச் சமையல் குடிசையிலிருந்து ஒரு பெண் குரல் கூடவே எழுந்தது. பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கத்திலிருந்து, பிறகு கடற்கரை வீடுகளிலிருந்து. ஊரே இத்தனை நாளும் இதற்குக் காத்துத்தான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

நெருப்பிலிருந்து ஒரு புழு உருண்டு வெளியே வந்தது. நேமானி அதை மண்வெட்டியால் திரும்ப உள்ளே தள்ளினார். இன்னொன்று வருகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தார். வரவில்லை என்று தெரிந்த பிறகு மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் அழுதார்.